மேனேஜரை முந்தாமல் மலை ஏறுவது

முன்னால் போகிறவரை முந்தக் கூடாது. பின்னாலிருந்து தள்ளவும் கூடாது. ஆனாலும் அவர் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும். ஹல்லா மலையின் அடிவாரத்திலிருந்து நாரே இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். விடை வரவில்லை.

முன்னால் போனவர் மேனேஜர் காங். தென் கொரியாவின் ஜேஜு நகரத்தில் ஆரஞ்சுச் சாறு விற்கும் கம்பெனியின் விற்பனைப் பிரிவு முழுவதும் அவர் பின்னால் நடந்தது. அவருக்கு இதுதான் முதல் மலை. ஆனால் தொப்பியிலிருந்து பூட்ஸ் வரை இமயமலைக்கே போதுமான உடுப்பு. மாப்பிள்ளை ஊர்வலத்தில் மாப்பிள்ளையை யாராவது முந்துவார்களா?

வழியில் ஒரு தங்குமிடம் உண்டு. நண்பகலுக்குப் பிறகு வருகிறவர்களை அதற்கு மேல் விடமாட்டார்கள். "இன்னைக்கு உச்சியைத் தொடலேன்னா அடுத்த சனிக்கிழமை மறுபடி வர்றோம். எல்லாரும்!" என்று மேனேஜர் கிளம்பும்போதே அறிவித்துவிட்டார். அடுத்த சனிக்கிழமைதான் நாரே வீட்டாரும் அவளைக் கட்டிக்கொள்ளப்போகிறவன் வீட்டாரும் முதன்முதலாக உட்கார்ந்து கல்யாணம் பேச இருந்தார்கள்.

எரிமலைக் குழம்பு உறைந்த கறுப்புக் கற்கள்மேல் மேனேஜர் ஆடு மாதிரித் தாவுவார். மூச்சு முட்டும். நிற்பார். "காட்சியை ரசிங்கப்பா!" என்பார். மரங்களைத் தவிர அங்கே ஒரு காட்சியும் இல்லை. எல்லோரும் ரசிப்பார்கள். பையிலிருந்து எடுத்த வெள்ளரிக்காயை ஒரு கடி கடித்துவிட்டு மறுபடி தாவுவார்.

"இனிமே ரசிக்க மரமே பாக்கியில்ல," என்று முணுமுணுத்தாள் சூபின். அலுவலகத்தில் நாரேவுக்கு மூத்தவள்.

"அக்கா, முந்திப் போயிடலாமா?"

"போயேன். திங்கக்கிழமை உன் நாற்காலியைக் கக்கூஸ் பக்கத்துல தேடு."

அப்போது மேனேஜருக்கு மனைவியிடமிருந்து போன் வந்தது. பேசிக்கொண்டே நடந்தார். நடந்தார், நடந்தார், நிற்கவேயில்லை. போனை வைத்தார், தாவினார், நின்றார். "காட்சியை..."

நாரேவுக்குப் பிடிபட்டது. பேசுவதற்கு மூச்சு வேண்டும். அதை மிச்சம்பிடிக்கக் கால் தானாகவே மெதுவாகிவிடும். மெதுவாக நடக்கிறவருக்கு நிற்க வேண்டிய தேவை வராது. தாவித் தாவி நிற்பதைவிட அது சீக்கிரம் போய்ச் சேரும்.

அவர் அடுத்த அடியை எடுத்து வைக்கும் நேரம் பார்த்துக் கேட்டாள்: "சார், பட்டாளத்துல இருந்தப்போ நீங்க பனியில மாட்டிக்கிட்டீங்களாமே?"

பின்னால் மொத்தப் பிரிவும் பெருமூச்சு விட்டது. "பாவி! அந்தக் கதையா?" என்று சூபின் கிள்ளினாள்.

"எனக்குக் கல்யாணம் நடக்க வேணாமாக்கா?"

கதை நீண்டது. நடையும் நீண்டது. பனி உருகித் தீரப்போகும் சமயத்தில் சூபினே பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்: "சார், மேடத்தை முதல்ல எங்க பாத்தீங்க?"

தங்குமிடத்துக் காவலர் தடுப்பை இழுக்கக் கை வைத்த நேரத்தில், மேனேஜர் தன் கல்யாணப் பந்திக் கதையைப் பரிமாறிக்கொண்டே அதைத் தாண்டினார். உச்சியில், எரிமலை வாய்க்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றார். "பாத்தீங்களா, பட்டாளத்துக் காலு!"

"ஆமா சார்," என்றது பிரிவு.

அடுத்து மலையேற வேண்டிய கணக்குப் பிரிவின் தோழிக்கு, நாரே அங்கிருந்தே போனில் வழி சொன்னாள்: "உங்க மேனேஜர் கால் எடுத்து வைக்கிறப்போ ஒரு கேள்வி கேளு. பதில் முடியறதுக்குள்ள அடுத்த கேள்வியைத் தயாரா வச்சிரு. பேச முடியற வேகத்துல நடக்கிறவரு நிக்காம ஏறிடுவாரு."