மூன்றாம் வரிசையின் வெள்ளிக்கிழமைகள்

1985ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி, திங்கட்கிழமை. சுங்கை வேயில் உள்ள ஒரு சிப் தொழிற்சாலையில், மூன்றாம் வரிசைப் பெண்கள் இருபத்து நான்கு பேரையும் கேன்டீனில் உட்கார வைத்து, அமெரிக்காவிலுள்ள தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒரு டெலக்ஸ் செய்தியைப் படித்துக் காட்டினார்கள். அங்கே கம்ப்யூட்டர் விற்பனை படுத்துவிட்டதாம். இந்த வரிசையில் நூறு சிப் செய்தால் மூன்று ரிஜெக்ட் ஆகிறது. மணிலா தொழிற்சாலையில் இரண்டுதான். ஆகஸ்ட் மாதக் கணக்கில் இங்கேயும் இரண்டுக்கு இறங்காவிட்டால், வரிசையை மூடிவிட்டு வேலையை மணிலாவுக்கு அனுப்பிவிடுவார்கள்.

வரிசைத் தலைவி பவுனம்மாள் வீட்டு வரவை மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். கம்போங் மேடானில் அவள் வீடு. கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டும் கணவன் விஜயனுக்கு, கப்பல் சரக்கு குறைந்து வாரத்தில் மூன்று நாள்தான் ஓட்டம். அவளுக்கு வயது முப்பது. வேறு எந்தத் தொழிற்சாலையிலும் இருபத்தைந்துக்கு மேல் புதிதாக எடுப்பதில்லை.

வேலை இதுதான். மைக்ரோஸ்கோப்பில் நெற்றியை அழுத்திக் குனிந்து, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை சிப்பின் மேல் ஒட்ட வேண்டும். கம்பியின் முனை உருண்டையாகி சிப்பில் பிடித்துக்கொண்டால் நல்ல சரக்கு. பிடிக்காமல் நழுவினால் ரிஜெக்ட். அன்று ஓய்வு நேரத்தில் பவுனம்மாள் தமிழ்ப் பெண்கள் ஒன்பது பேரையும் கூப்பிட்டாள்.

“வேலையில கவனமா இருக்கணும், அது ஒண்ணு. இன்னொண்ணு, பஸ் நிக்கிற இடத்துல முனியாண்டி இருக்காரு இல்ல, இனிமே வெள்ளிக்கிழமை காலையில எல்லாரும் ஒண்ணா கும்புட்டுட்டு உள்ள வரணும்.”

“முனியாண்டிக்கு மணிலா எங்க இருக்குன்னு தெரியுமா பவுனு?” என்றாள் ஏழாம் இருக்கை மாரியாயி. ஆனால் வெள்ளிக்கிழமை முதல் ஆளாக நின்றவளும் அவள்தான். ஒன்பது பேரும் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, அதன்மேல் தொழிற்சாலைத் தொப்பியை இழுத்து மாட்டி உள்ளே போனார்கள்.

அந்த வாரக் கணக்கு மூன்றிலிருந்து நாலானது. அடுத்த வாரமும் இறங்கவில்லை. பவுனம்மாள் செவ்வாய்க்கிழமையையும் சேர்த்தாள். கணக்கு ஐந்தைத் தொட்டது.

“சாமி கோவமா இருக்காருக்கா,” என்றாள் பன்னிரண்டாம் இருக்கை சந்திரகலா. “தெனமும் கும்புடுவோம் லா.”

பவுனம்மாளிடம் ஒரு பள்ளிக்கூட நோட்டு இருந்தது. தேதி, மணி, இருக்கை எண், கம்பிச் சுருளின் எண், ரிஜெக்ட் என்று ஐந்து பத்தி கோடு போட்டு, எட்டு வருஷமாக எழுதி வருகிறாள். யாரும் கேட்டதில்லை, எழுதாவிட்டால் அவளுக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. அன்று சாயங்காலம் வீட்டில் அந்த நோட்டை விரித்து, ஜூலை மாதத்தை இருக்கை இருக்கையாகப் பிரித்து எழுதிப் பார்த்தாள். ஐந்து முதல் பதிமூன்று வரையிலான இருக்கைகளில், செவ்வாயும் வெள்ளியும் மட்டும் ரிஜெக்ட் ஏறியிருந்தது. அந்த ஒன்பதிலும் தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள். மலாய்ப் பெண்களும் சீனப் பெண்களும் உட்காரும் பதினாலு முதல் எல்லாம் சுத்தம்.

மறுநாள், வெள்ளிக்கிழமை. வேலை தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து பவுனம்மாள் மாரியாயியை இருக்கையிலிருந்து எழுப்பிவிட்டு, அவள் மைக்ரோஸ்கோப்பின் கறுப்பு விளிம்பில் விரலை ஓட்டினாள். விரல் நுனியில் வெள்ளைத் தூள். குனிந்து நெற்றியை அழுத்தும்போதெல்லாம் உதிர்ந்து, கம்பி ஒட்ட வேண்டிய இடத்தில் விழுந்துகொண்டிருந்தது.

கதவில் பெரிய எழுத்தில் போட்டுத்தான் இருந்தது, பவுடர் பூசக் கூடாது என்று. முகத்துக்குப் பவுடர் பூசி வந்த பிள்ளையைப் பவுனம்மாளே திருப்பி அனுப்பியிருக்கிறாள். திருநீற்றைப் பவுடர் என்று யார் நினைப்பார்கள்?

“அப்ப சாமிதான் நம்ம வேலையைக் கெடுக்குதுன்னு சொல்றியா?” மாரியாயிக்கு முகம் சிவந்துவிட்டது.

“சாமி இல்லடி. நான்தான். கும்புடச் சொன்னது நான்.” பவுனம்மாள் குரலைத் தாழ்த்தினாள். “இது மேலே போச்சுன்னா என்ன சொல்லுவான்? இந்தியப் பிள்ளைங்களாலதான் ரிஜெக்ட், இனிமே எடுக்காதேன்னு சொல்லுவான். அதுக்கு முன்னாடி நாமளே சரி பண்ணிடணும். சாயங்காலம் மூணு மணிக்கு வேலை முடிஞ்சு கும்புடுவோம். முனியாண்டி எங்கேயும் போயிட மாட்டாரு.”

மாரியாயி முணுமுணுத்துக்கொண்டே போய் முகம் கழுவினாள். மற்ற எட்டுப் பேரும் அவள் பின்னால் போனார்கள். தங்கள் மைக்ரோஸ்கோப்புகளை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார்கள். அன்று முதல் தினமும் துடைத்தார்கள்.

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதிவரை கூட்டிப் பார்த்தால் கணக்கு இரண்டே கால். ஐந்து முதல் பதிமூன்று வரை கழுவிவிட்ட மாதிரி இருந்தது. ஆனால் ஒன்று முதல் நான்கு வரையிலான இருக்கைகளில் மட்டும் தினமும் காலை முதல் மணி நேரத்தில் ரிஜெக்ட் கூடியிருந்தது. நோட்டைப் பின்னால் புரட்டினாள். போன வருஷம், அதற்கு முந்தின வருஷம், எல்லாப் பக்கத்திலும் அப்படியே. இரண்டாம் இருக்கையில் இருப்பது மலாய்ப் பெண் ரொஹானி. அவள் எந்த முனியாண்டியிடம் திருநீறு வாங்கினாள்?

மறுநாள் காலையில் பவுனம்மாள் நின்று பார்த்தாள். ஏழு மணிக்கு சூப்பர்வைசர் சிவசம்பு வந்தார். பிரிக்ஃபீல்ட்ஸ்காரர், குளித்து, பூசை முடித்து, நெற்றியில் திருநீற்றின் மூன்று குறியும் பளிச்சென்று தெரிய வருவார். தொப்பியைக் கொஞ்சம் மேலே ஏற்றித்தான் போடுவார். வழக்கம்போல முதல் நாலு இருக்கையிலும் உட்கார்ந்து, மைக்ரோஸ்கோப்பில் நெற்றியை வைத்து, பத்துப் பத்து சிப் சோதித்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் பவுனம்மாள் அந்த விளிம்புகளில் விரலை ஓட்டினாள், அதே வெள்ளைத் தூள். அவரிடம் சொல்வதென்றால், ஒன்பது பெண்கள் சேதியையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மாதம் முடிந்துவிடும். இரண்டு நாள் தள்ளிப்போட்டாள். திங்கட்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள்.

“என்ன பிள்ளை?”

“சார், தப்பா எடுத்துக்காதீங்க.” எல்லாவற்றையும் சொன்னாள். முதலில் தன்னுடைய தப்பு, பிறகு பெண்கள், கடைசியில் முதல் நான்கு இருக்கை. கடைசிப் பகுதியைச் சொல்லும்போது அவர் நெற்றியைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தே சொன்னாள்.

சிவசம்பு தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். “எழுபத்து நாலில முதல் மேனேஜர், வெள்ளைக்காரன், இதை அழிச்சுப்போட்டு வா எண்டு சொன்னவன். நான் அழிக்கேல்லை. அவன்தான் ஊருக்குப் போனான்.”

“தெரியும் சார்.”

“எங்கை, கொப்பியைத் தாரும்.” நோட்டுக்குக் கையை நீட்டினார்.

பக்கம் பக்கமாகப் பார்த்தார். பென்சிலால் இரண்டு இடத்தில் கூட்டிப் பார்த்தார். “கணக்கு சரி,” என்றார். “பதினொரு வருஷமா நானே கொட்டிக்கொண்டு இருந்திருக்கிறன்.” எழுந்து குழாயடிக்குப் போனார். திரும்பி வந்தபோது நெற்றி ஈரமாக, வெறுமையாக இருந்தது. அவரை அப்படி யாரும் பார்த்ததில்லை.

“யாரு லா இது, புது சூப்பர்வைசரா?” என்று மாரியாயி சந்திரகலாவின் காதில் சொன்னது பவுனம்மாளுக்குக் கேட்டது. முறைத்தாள்.

ஆகஸ்ட் மாதக் கணக்கு ஒன்றே முக்காலில் முடிந்தது. காரணம் எழுதி அனுப்பச் சொல்லித் தலைமை அலுவலகம் கேட்டது. சிவசம்பு ஆங்கிலத்தில் டைப் அடித்துவிட்டு, அனுப்புவதற்கு முன் பவுனம்மாளைக் கூப்பிட்டுத் தமிழில் சொன்னார்.

“சூப்பர்வைசரின் நெற்றியில் இருந்த தூள், முதல் நாலு மைக்ரோஸ்கோப்பில் விழுந்தது. ஊழியர் சிலரிடமும் இது இருந்தது. வரிசைத் தலைவி எட்டு வருடம் வைத்திருந்த குறிப்பில் கண்டுபிடிக்கப்பட்டது. இவ்வளவுதான்.”

“எங்க பிள்ளைங்க பேரு...”

“பேர் என்னத்துக்கு? தூளைத்தானே கேக்கிறாங்கள்.”

மூன்றாம் நாள் பதில் வந்தது. மூன்றாம் வரிசை தொடரும். கூடவே இன்னொரு வரி: அந்தத் தூள் எந்தக் கம்பெனித் தயாரிப்பு என்று உடனே தெரிவிக்கவும், மணிலா உட்பட எல்லாத் தொழிற்சாலைகளிலும் தடை செய்ய வேண்டும்.

சிவசம்பு டெலக்ஸை மேசைமேல் வைத்தார். “இதுக்கு என்ன எழுதுறது பிள்ளை?”

பவுனம்மாள் யோசித்தாள். “வீட்டுல செய்றது, மணிலாவுல கிடைக்காதுன்னு எழுதுங்க சார்.”

அவர் அப்படியே எழுதினார். மூன்று மணிக்கு மணி அடித்தது. பஸ் நிற்குமிடத்தில் பவுனம்மாளும் ஒன்பது பெண்களும் முனியாண்டி முன்னால் நின்றார்கள். கடைசியாக சிவசம்பு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்த சின்னத் திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்.