மூணு மாசமா குளிக்கல

அந்தத் தாளைப் படித்ததும் ஸ்ம்ருதிக்கு லாட்டரி அடித்த மாதிரி இருந்தது. பிறகு அதை நினைத்துத்தான் அவளுக்கு உடம்பு கூசியது.

பொத்தேரியில் ஒரு கல்லூரியில் அவள் ஆராய்ச்சி மாணவி. கர்ப்பிணிகள் மனசில் இருப்பதை எழுதித் தருவார்கள். அவள் அந்தப் பயங்களைக் கத்தரிக்காய் மாதிரி கூறு கட்ட வேண்டும். பிரசவ பயம் ஒரு கூறு, மாமியார் பயம் ஒரு கூறு. பெரும்பாக்கம் சுகாதார நிலையத்தில் தாளைக் கொடுக்கும்போதே, பேர் போட வேண்டாம், யார் எழுதியது என்று யாரும் பார்க்க மாட்டார்கள் என்று கையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தாள்.

வந்ததில் பாதி, 'பயம் ஒண்ணும் இல்ல, டாக்டரம்மா நல்லா பாக்குறாங்க' என்கிற விலை போகாத சரக்கு. நடுவே இது:

'மூணு மாசமா குளிக்கல. யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா காரிடார் முழுக்கப் பேசுவாங்க. போன தடவ மாதிரி ஆயிடுமோன்னு பயமா கீது.'

மனச்சோர்வின் அடையாளங்களில் ஒன்று குளிக்காமல் கிடப்பது என்று ஸ்ம்ருதி படித்திருந்தாள். இவளுக்கு ஏற்கெனவே ஒருமுறை வந்திருக்கிறது, மறைக்கிறாள். பேராசிரியர் சத்யநாராயணனும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதையே சொன்னார். சேலையூரில் ஸ்ம்ருதி வளர்ந்த காலனியில் பெண்கள் யாரும் முழுகாமல் இருந்ததில்லை. எல்லோரும் 'கன்சீவ்' ஆனார்கள். அந்தச் சொல் அவள் காதில் விழ வழியே இல்லை.

தாளில் ஓர் எண் இருந்தது. அந்த எண்ணுக்குரிய பேரையும் விலாசத்தையும் பார்ப்பதில்லை என்பதுதான் சத்தியம். நல்லதுக்குத்தானே என்று பதிவேட்டைப் பார்த்தாள். சினேகா. அவள் இருந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போகிற வழியில் இரண்டு சந்தன சோப்பும் வாங்கிக்கொண்டாள்.

சினேகா வேலைக்குப் போயிருந்தாள். மாமியார் பேபிதான் கதவைத் திறந்தாள். சுகாதார நிலையத்திலிருந்து வருவதாகச் சொன்னதும் உட்கார வைத்து ஃபேனைப் போட்டாள். ஸ்ம்ருதி குரலைத் தாழ்த்தினாள்.

"ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மருமக மூணு மாசமா குளிக்கலையாம். நீங்கதான் கொஞ்சம் பக்கத்துல இருந்து பாத்துக்கணும்." சோப்பை எடுத்து நீட்டினாள்.

பேபி சோப்பைப் பார்க்கவே இல்லை.

"மூணு மாசமாவா? கள்ளி, எங்கிட்ட மூச்சு வுடலியே."

அவள் கண் கலங்கியதைப் பார்த்து ஸ்ம்ருதி ஆறுதல் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பேபி வெளியே போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். காரிடாரில் நாலைந்து பெண்கள் கூடினார்கள். சர்க்கரை டப்பா வந்தது. குளிக்காததற்கு எதற்குச் சர்க்கரை என்று விழித்த ஸ்ம்ருதியிடம் ஒருத்தி சிரித்துக்கொண்டே கேட்டாள்: "இன்னாமா படிச்ச நீ? குளிக்கலன்னா முழுகாம கீறான்னு அர்த்தம். தலைக்கு ஊத்துற நாள் தள்ளிப் போச்சு, அவ்ளோதான்."

போன தடவை இரண்டாம் மாசமே பேபி ஊர் முழுக்கச் சொன்னதையும், ஐந்தாம் மாசத்தில் கரு கலைந்து போனதையும், வருஷம் முழுக்க ஆள் மாற்றி ஆள் வந்து துக்கம் கேட்டதையும் அவளே சொன்னாள். ஸ்ம்ருதிக்கு முகம் காந்தியது. தாளில் இருந்த ஒவ்வொரு வரியும் இப்போது வேறு விதமாகத் திரும்பி நின்றது.

அந்த நேரத்தில்தான் லிஃப்ட் திறந்து சினேகா வந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள், மாமியார் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தாள், கடைசியாக ஸ்ம்ருதியைப் பார்த்தாள். பேபி ஊட்டிய சர்க்கரைக்கு வாயைத் திறந்தாள். நல்ல சேதி கொண்டுவந்த வாய் என்று ஸ்ம்ருதிக்கும் ஒரு கை சர்க்கரை கிடைத்தது. தின்றாள், வேறென்ன செய்வது.

லிஃப்ட் வரை சினேகா கூட வந்தாள்.

"பேர் போடாதன்னு நீதானக்கா சொன்ன."

அர்த்தம் தெரியாமல் போய்விட்டது என்றாள் ஸ்ம்ருதி. அது எவ்வளவு மட்டமான சமாதானம் என்று சொல்லும்போதே தெரிந்தது.

"தெர்லன்னா என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

பேராசிரியரைக் கேட்டிருந்தாள், புத்தகங்களைக் கேட்டிருந்தாள். எழுதியவளைக் கேட்கத் தோன்றவில்லை. அந்தத் தாளை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடட்டுமா என்றாள்.

"எடுத்து இன்னா பண்ண? அஞ்சு மாசம் தாண்டட்டும், நானே சொல்லிக்கலாம்னு இருந்தேன். இனிமே தெனம் கேப்பாங்க."

உள்ளே பேபி போனில் மகனிடம் கத்திக்கொண்டிருந்தாள். யாரோ சினேகாவைக் கூப்பிட்டார்கள். அவள் சிரிப்பை முகத்தில் ஒட்டவைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். லிஃப்ட் வந்து, கதவு திறந்து, மூடிக்கொண்டு கீழே போனது. ஸ்ம்ருதி ஏறவில்லை.