ஞானப்பிரகாசத்தின் கண்ணிலிருந்து இறங்கியவர்கள்

பாளையங்கோட்டைக் கண் ஆஸ்பத்திரி ஒன்றில் படம் எடுத்தபோது ஞானப்பிரகாசத்தின் வலது கண்ணிலிருந்து ஒரு சீலா மீன் குதித்து மேசைமேல் விழுந்தது. முழங்கை நீளம் இருந்தது. ஞானப்பிரகாசம் தூத்துக்குடித் துறைமுகத்தில் இழுவைப்படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். உப்புத் தண்ணீர் பார்த்தது போதும் என்று மனைவி கிரேஸியோடு சேரன்மகாதேவியில் ஆற்றோரம் வீடு கட்டி வந்துவிட்டார். அன்றைக்குக் கண்ணாடி மாற்றத்தான் போயிருந்தார். டாக்டர் இஷ்ரத் மீனைத் தூக்கி ஒரு வாளியில் போட்டுவிட்டு, திரையில் தெரிந்த படத்தைக் காட்டினார். விழித்திரையின் நரம்புப் படலம் அங்கங்கே மெலிந்திருக்கிறது, மறதி நோய் மூளைக்கு வரப்போவதைக் கண் முந்தியே சொல்கிறது, நோய் தலைகாட்ட இன்னும் சில வருஷம் ஆகும் என்றார். பிறகு மறக்கப்போவதெல்லாம் இப்போதே இறங்குகிறது, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தை கிரேஸியின் காதில் விழவில்லை. உயிர் மீன் கிடைத்த சந்தோஷத்தில், வீட்டுக்குப் போனதும் தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்துவிட்டாள்.

ஞானப்பிரகாசம் ருசித்துச் சாப்பிட்டார். சின்ன வயதில் அப்பாவோடு படகில் போய் முதன்முதலாகப் பிடித்த சீலாவின் கதையை அவர் சொல்லாத கல்யாண வீடு கிடையாது. அன்றைக்குச் சாயங்காலம் கிரேஸி அந்தப் பேச்சை எடுத்தபோது, அப்படி ஒன்று நடந்ததா என்று அவளையே கேட்டார். மீனோடு அந்த நினைவும் குழம்பில் போய்விட்டது என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

அதற்குப் பிறகு இறங்கிய எதையும் அவள் விடவில்லை. அடுத்த தடவை ஆஸ்பத்திரியில் படம் எடுத்தபோது இறங்கியவர், செத்துப்போய் வெகுகாலம் ஆகியிருந்த இழுவைப்படகு இன்ஜின் டிரைவர் இஸ்ரவேல். கையிலிருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டே முதலில் டீ கேட்டார். அவரை பஸ் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிவந்து மாடி அறையைக் கொடுத்தார்கள். அவர் தண்ணீர் மோட்டாரைச் சரிசெய்தார், குழம்பில் உப்பு குறைவு என்றார். அதற்கடுத்து இறங்கியது கிரேஸி பிறந்த ஊரான மணப்பாட்டின் கடல்காற்று. கிரேஸி அதை முந்தானையில் முடிந்துவந்து கொல்லையில் அவிழ்த்துவிட்டாள். தெரு முழுக்க இலை அசையாத சித்திரையிலும் அந்தக் கொல்லையில் காற்று அடித்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஈரத்துணியைக் கொண்டுவந்து அங்கே காயப்போட்டார்கள்.

இனி தன்னுடைய முறை வரும் என்று கிரேஸிக்குத் தோன்றிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாளை அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாணம் என்று ஒரு தடவையும், மழை என்று ஒரு தடவையும் தள்ளிப்போட்டாள். ஞானப்பிரகாசம் பொறுத்துப் பார்த்தார்.

“ஏட்டி, நீ எதுக்குப் பயப்படுதன்னு எனக்குத் தெரியும்,” என்றார். “இறங்கினா நம்ம வீட்டுலதான இருக்கப்போற. உள்ளயே கிடந்து அழிஞ்சா என்ன செய்ய?”

போனார்கள். இடது கண்ணிலிருந்து கல்யாணப் பட்டும் வாடாத பிச்சிப்பூவுமாக இளவயசு கிரேஸி அவர் தோளைப் பிடித்து இறங்கினாள். நரைத்த கிரேஸியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “அத்தை, நல்லாருக்கியளா?” என்றாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் இரண்டு பேருக்கும் நடுவில் கிரேஸி உட்கார்ந்துகொண்டாள். அந்தப் பெண் எதற்கெடுத்தாலும் சிரித்தாள், பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே பாடினாள். தானும் ஒரு காலத்தில் இப்படி இருந்தவள்தான் என்பது கிரேஸிக்கு ஆத்திரத்தைக் கூட்டியது. ஊர்க்காரர்கள் சின்ன கிரேஸி, பெரிய கிரேஸி என்று பிரித்துக் கூப்பிடப் பழகிக்கொண்டார்கள்.

டாக்டர் சொன்னபடியே சில வருஷத்தில் மறதி பையப் பைய வந்தது. ஞானப்பிரகாசத்துக்குத் துறைமுகம் மறந்தது. இஸ்ரவேல் காலைதோறும் கீழே வந்து, தன்னையே கேப்டன் ஆக்கிக்கொண்டு, அதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒருநாள் மத்தியானம், முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த சின்னவளையே பார்த்திருந்துவிட்டு ஞானப்பிரகாசம் அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

“ஏட்டி கிரேஸி, இந்தப் பிள்ளை யாரு? உன் சாடையாவே இருக்காளே.”

இந்த நாளுக்காகத்தான் அவள் இத்தனை காலமும் மனதைத் திடப்படுத்தி வைத்திருந்தாள். ஆனால் தன் பேரைச் சொல்லி அவர் கூப்பிடுவார் என்று நினைக்கவில்லை. முட்டிவலியும் நரையுமாக, அவருடைய மீனைக் குழம்பு வைத்துத் தொலைத்த கிரேஸி இன்னும் அவருக்கு உள்ளேயே இருக்கிறாள். கரண்டியை வைத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

“நீங்க கட்டிக்கிட்ட பிள்ளைதான்,” என்றாள்.

அவர் சங்கடத்தோடு குரலைத் தாழ்த்தினார். “உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“கோவம் இல்லையே?”

“முதல்ல இருந்துச்சு.”

சின்ன கிரேஸி சிரித்துக்கொண்டே முக்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு, பெண் பார்க்க மணப்பாட்டுக்கு வந்த அன்றைக்கு அவர் யாரிடமோ இரவல் வாங்கிய செருப்பு நடக்க நடக்கக் கழன்ற கதையிலிருந்து ஆரம்பித்தாள். அவர் வாயைத் திறந்தபடி கேட்டார். செருப்பு பெரிய கிரேஸிக்கே மறந்துபோயிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவளும் உட்கார்ந்து, அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டாள்.