கரும்பாலைச் சண்டைக்கு முன்னால்

பிடரியில் வெளிச்சம் விழுகிறது, புரொஜக்டர் அறையின் சின்னச் சதுர ஓட்டையிலிருந்து கிளம்பி, தூசிக்கும் பறக்கும் காகிதத் துண்டுக்கும் நடுவே நீண்டு வந்து அய்யாதுரையின் மேல் முட்டி நிற்கிறது, திரையில் நம்ம ஆள் அரிவாளை ஓங்கிக்கொண்டு ஓடி வருகிறார், அவருடைய மார்புக்கு நட்டநடுவே ஒரு தலை, இரண்டு காது, அது தன் தலையின் நிழல்தான் என்று அய்யாதுரைக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது, யோவ் மறைக்குதுய்யா என்கிறது கடைசி வரிசை, ஏ பெருசு உக்காரு என்கிறது இன்னொரு குரல், இடது பக்கத்தில் மாரிக்கனி சட்டையைப் பிடித்து இழுத்து, மாப்ள ஒக்காருடா, சண்டை போய்க்கிட்டிருக்குடா என்கிறான், வலது பக்கத்தில் மகள் நிவேதா ப்பா, ப்பா என்கிறாள், அய்யாதுரை உட்காரவில்லை. நம்ம ஆள் படத்தில், முதல் நாள் காலைக் காட்சியில், இடைவேளைச் சண்டை நடக்கும்போது எழுந்து நிற்கிறவனைப் பைத்தியக்காரன் என்று இத்தனை வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தவனே அவன்தான், இன்று கால் தானாக நிமிர்ந்துவிட்டது, நிமிர்ந்த காலை மடக்குவதாக இல்லை.

சிவகாசியில் அச்சாபீஸ் வேலை பார்க்கிறவனுக்குக் காகிதத்துக்குப் பஞ்சமில்லை, அய்யாதுரை கட்டிங் மிஷினில் நிற்கிறவன், காலண்டர் ஓரம், தீப்பெட்டி லேபிள் ஓரம், மத்தாப்புப் பெட்டி ஓரம் என்று கத்தி தள்ளுகிற கலர் கழிவையெல்லாம் நம்ம ஆள் படம் வருகிற வாரம் முழுக்கச் சாக்கில் சேர்ப்பான், அவர் திரையில் முதல்முதலாகத் திரும்பிப் பார்க்கும்போது அது அத்தனையும் மேலே பறக்கும், அது அவன் பொறுப்பு, டிக்கெட் எடுத்து இடம் பிடிப்பதும் முதல் விசில் அடிப்பதும் லோடு வேன் ஓட்டுகிற மாரிக்கனியின் பொறுப்பு, சண்டையில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று எண்ணுவது ஜெபராஜின் பொறுப்பு, அவனுக்கும் அதே அச்சாபீஸ்தான், கையில் விரல் ஒன்பதுதான், பத்தாவது அய்யாதுரை கண்ணெதிரே மிஷினுக்குப் போனது, அன்றைக்கு விரலைக் கொடுத்தவன் சோடா குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், பார்த்தவன்தான் மயங்கி விழுந்தான், இந்த லட்சணத்துல ஒங்களுக்கு வெட்டுக்குத்துப் படம் ஒரு கேடா என்று மனைவி செண்பகம் இன்றுவரை கேட்கிறாள், ஞாயிற்றுக்கிழமை கோழிக்கடைக்குக்கூட அவள்தான் போகிறாள். அவளுக்கு எப்படிச் சொல்வது, வாரத்தில் ஆறு நாள் சரிங்க முதலாளி, ஆகட்டும் முதலாளி என்று சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாய்க்கு, முடியாது என்று ஒரே ஒரு ஆள் சொல்லி அதற்காக முப்பது பேரைச் சாய்க்கிறதைப் பார்க்க வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் மூச்சு முட்டுகிறது, அநியாயம் செய்தவன் கை அங்கேயே, அப்போதே, எல்லார் கண் முன்னாலும் துண்டாகி விழுகிறதே, அந்த ஒரு விசிலுக்காகத்தான் மூன்று பேரும் இருபத்தாறு வருடமாக ஒரே வரிசையில் உட்கார்கிறார்கள், ஒரு கல்யாணம், ஒரு சாவு தவறியிருக்கலாம், முதல் காட்சி தவறியதில்லை.

எல்லாப் படத்துக்கும் பெயர் உண்டு, இவர்கள் பெயரைச் சொல்வதில்லை, சண்டையைத்தான் சொல்வார்கள், லாரிச் சண்டைப் படம், பாலத்துச் சண்டைப் படம், எல்லாவற்றுக்கும் மேலே கரும்பாலைப் படம், அதில் விழுந்தவர்கள் நாற்பத்தொன்று என்கிறான் ஜெபராஜ், முப்பத்தொன்பதுதான் என்கிறான் மாரிக்கனி, சாம்பல் குவியலில் விழுந்த இரண்டு பேர் செத்தார்களா இல்லையா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை, அய்யாதுரைக்கு அப்போது இருபத்திரண்டு வயது, பழைய தியேட்டர், இன்றைக்கு அது கல்யாண மண்டபம், மரப் பலகை நாற்காலி, சாய்கிற பலகைக்கும் உட்கார்கிற பலகைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி, முன் வரிசையில் மாரிக்கனிக்கு நேர் முன்னால் ஒருத்தி வந்து உட்கார்கிறாள், தனியாக, துணைக்கு யாரும் இல்லை, மஞ்சள் சுடிதார், ஒற்றைச் சடை, முகம் தெரியாது, இருபத்து நான்கு வருடமாக அந்த முகம் தெரியாது. நம்ம ஆள் திரையில் திரும்பிப் பார்க்கிறார், காகிதம் பறக்கிறது, அவள் இரண்டு விரலை மடித்து நாக்குக்கு அடியில் வைத்து ஒரு விசில் அடிக்கிறாள் பாருங்கள், தியேட்டரே திரும்புகிறது, அப்படி ஒரு விசில் அய்யாதுரைக்கு இன்றுவரை வரவில்லை, அடேயப்பா, இவ நம்ம கட்சியாச்சே என்று அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, வசனத்தை நம்ம ஆளுக்கு முன்னால் அவள் சொல்கிறாள், அப்படியானால் டிரெய்லரை மனப்பாடம் செய்திருக்கிறாள், படம் முடிந்ததும் கேட்க வேண்டும், நாற்பத்தொன்றா முப்பத்தொன்பதா என்று இவளிடம் கேட்கலாம், இல்லை, அந்தச் சண்டை இன்னும் வரவில்லையே, நினைவு முன்னும் பின்னுமாகக் குழம்புகிறது, சண்டை வருவதற்கு முன்னாலேயே மாரிக்கனி முன்னால் குனிந்துவிட்டான், அவன் வலது கை பலகை இடைவெளிக்குள் போயிருந்தது.

கைய எடு என்றாள். அய்யாதுரை காதில் விழுந்தது. திரையில் பஸ் ஸ்டாண்டு, நம்ம ஆளின் தங்கச்சி கையை ஒருத்தன் பிடித்து இழுக்கிறான், தியேட்டர் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறது, கைய எடுடா என்று இரண்டாம் தடவை, இன்னும் சத்தமாக, திரையில் நம்ம ஆள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருகிறார், அரிவாள் மேலே போகிறது, இதற்காகத்தானே நான்கு மாதம் காத்திருந்தது, அந்த நேரம் பார்த்து அவள் விருட்டென்று எழுந்து நிற்கிறாள், அவள் தலையின் நிழல் திரையில் நம்ம ஆள் மார்பில் விழுகிறது, அரிவாளும் தெரியவில்லை, வெட்டுப்பட்ட கையும் தெரியவில்லை, ஏய் மறைக்குது, உக்காரு என்று முதலில் கத்தியது யார் என்றால் அய்யாதுரை. அவள் ஏன் எழுந்தாள் என்று தெரிந்தவன் அவன். தெரிந்துதான் கத்தினான். அவன் ஆரம்பித்து வைத்ததைத் தியேட்டர் பிடித்துக்கொண்டது, உக்காருடி, மறைக்குதுடி, இறங்குடி, காகிதமும் சிகரெட் அட்டையும் அவள் மேல் விழுந்தன, அது அவன் வெட்டிக் கொண்டுவந்த காகிதம், மத்தாப்புப் பெட்டி ஓரம், அவள் திரும்பிப் பார்க்காமல் வரிசையை விட்டு இறங்கிப் போனாள், வாசல் கதவு திறந்து ஒரு துண்டு வெயில் உள்ளே வந்தது, கதவு மூடிக்கொண்டது. பிறகு கரும்பாலைச் சண்டை வந்தது, அய்யாதுரை நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினான், நன்றாகத்தான் இருந்தது, அவ்வளவு நன்றாக இருந்ததே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

டீக்கடையில் மாரிக்கனி, விசிலடிக்கிறவளுக்கு வெக்கம் என்ன வேண்டிக்கெடக்கு, சும்மா ஒரு இடி இடிச்சேன், அதுக்கு இந்தக் குதி குதிக்கிறா என்றான், ஜெபராஜ் நாற்பத்தொன்று என்றான், அய்யாதுரை டீயைக் குடித்தான், ஒரு வார்த்தை சொல்லவில்லை, அன்றைக்குச் சொல்லாததால் மறுநாளும் சொல்லவில்லை, மாரிக்கனி நல்லவன்தான், செண்பகத்துக்கு ஆபரேஷன் என்றபோது ரத்தம் கொடுத்தவன், நிவேதா பிறந்ததும் முதல் தொட்டில் வாங்கி வந்தவன், இப்படி ஒவ்வொன்றாக அந்தக் கையின் மேல் அடுக்கி வைத்தான், கை அடியில் அப்படியேதான் கிடந்தது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் டிவியில் கரும்பாலைப் படம் போடுவார்கள், பஸ் ஸ்டாண்டு வந்ததும் அய்யாதுரை எழுந்து தண்ணீர் மோட்டாரைப் பார்க்கப் போய்விடுவான், அப்பாவுக்கு ரத்தம் ஆகாது என்பாள் நிவேதா, அவளுக்கு அந்தப் படம் தலைகீழ்ப் பாடம், பல்லு விழுந்த வயதிலிருந்து அவள் நம்ம ஆள் கட்சி, இப்போது பத்தொன்பது வயது, காலேஜில் இரண்டாம் வருடம், போன வாரம் வந்து நின்றாள், இந்தத் தடவ முதல் காட்சிக்கு நானும் வாரேன், அது என்ன ஆம்பளைகளுக்கு மட்டும் எழுதி வச்சிருக்கா என்றாள், செண்பகம் கரண்டியோடு வந்தாள், அந்தக் கூட்டத்துல பொம்பளப் புள்ளைக்கு என்னடி வேலை என்றாள், அய்யாதுரை வேண்டாம் என்று சொல்லி முடித்திருக்கலாம், சொன்னால் ஏன் என்பாள், ஏன் என்றால் அந்தக் கூட்டமே நான்தான் என்று எந்த வாயால் சொல்வது, வரட்டும் என்றான்.

அதனால்தான் இன்றைக்குக் காலையில் உள்ளே வந்ததும் ஒரு காரியம் செய்தான், நடைபாதை ஓரத்து இருக்கையில் மகளை உட்கார வைத்தான், பக்கத்தில் தான், அதற்கப்புறம்தான் மாரிக்கனி, கடைசியில் ஜெபராஜ், நான் மாரி மாமா பக்கத்துல உக்காருறேன்ப்பா, மாமாதான் நல்லா விசிலடிப்பாங்க என்றாள் நிவேதா, பேசாம உக்காரு என்று அதட்டினான், மாரிக்கனி சிரித்தான், அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் அய்யாதுரை சாக்கைப் பிரித்துக் காகிதத்தைக் கிளறினான், இருபத்தாறு வருடத்துச் சிநேகிதனை மகள் பக்கத்தில் உட்கார வைக்க உடம்பு சம்மதிக்கவில்லை என்றால், எல்லாம் தெரிந்துதான் இத்தனை நாளும் கூடவே திரிந்திருக்கிறான். படம் ஓடியது, காகிதம் பறந்தது, மகள் விசிலடித்தாள், யாரும் ஒன்றும் செய்யவில்லை, காலம் மாறிவிட்டது போலிருக்கிறது என்று மூச்சு விட்டான், இடைவேளைச் சண்டை ஆரம்பித்தது, நான்கு வரிசைக்கு முன்னால் ஒரு பெண் எழுந்து நின்றாள், சேலை, முப்பது வயது இருக்கலாம், அசையாமல் நின்றாள், ஏய் மறைக்குது, உக்காரு என்று ஒரு குரல் கேட்டது, காதுக்குப் பக்கத்தில், கணீரென்று, அது நிவேதா.

அப்போதுதான் எழுந்தான். இப்போது நிற்கிறான், நிழல் விழுகிறது, கூட்டம் கத்துகிறது, கத்தட்டும், இருபத்து நான்கு வருடத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது, அதைக் கேட்காமல் உட்காருவதில்லை, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏம்மா, என்னம்மா ஆச்சு, எவனாச்சும் எதும் செஞ்சானா என்று கத்தினான், நம்ம ஆளின் இரைச்சலையும் மீறிக் கத்தினான். அந்தப் பெண் திரும்பினாள், முகம் தெரிந்தது, சாதாரணமான முகம், அதெல்லாம் இல்ல அண்ணாச்சி, ரத்தத்தப் பாத்துத் தலை சுத்துது, வெளிய போலாம்னா செருப்பு ஒண்ணக் காணோம் என்றாள், தியேட்டர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது, மாரிக்கனிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, செருப்புக்காடா எந்திரிச்ச, ஒக்காருடா லூசு என்றான். அய்யாதுரைக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, உட்காரவில்லை, குனிந்து அவன் முகத்துக்கு நேரே சொன்னான், கரும்பாலைப் படத்துல ஒருத்தி எந்திரிச்சா, அவ செருப்பத் தேடல, கைய எடுன்னா, ஒன் கையத்தான் சொன்னா.

மாரிக்கனியின் சிரிப்பு நின்றது, எந்தப் பொம்பள என்று கேட்பான், மறந்துவிட்டேன் என்பான் என்று அய்யாதுரை நினைத்திருந்தான், மாரிக்கனி கேட்கவில்லை, நிவேதாவை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, புள்ள முன்னாடி என்ன பேச்சுடா இது என்றான், புள்ள முன்னாடிதான் பேசணும், ஒன்கூட இனிமே நான் படத்துக்கு வரல என்றான் அய்யாதுரை, டேய் டேய் என்று ஜெபராஜ் ஒன்பது விரலையும் ஆட்டினான், யார் காதிலும் விழவில்லை. நிவேதா அப்பாவையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தாள், திரை வெளிச்சத்தில் அவள் முகம் சிவந்து வெளுத்துச் சிவந்தது, நீ என்னப்பா செஞ்ச என்றாள். இதைத்தான் இவ்வளவு நாளும் பயந்தது, மறைக்குது உக்காருன்னு கத்துனேன், மொதல்ல கத்துனது நாந்தான் என்றான், இப்ப நான் கத்துனேனே, அப்பிடியா என்றாள், நீ தெரியாமக் கத்துன, நான் தெரிஞ்சு கத்துனேன் என்றான். அவள் எழுந்தாள், கூட்டம் மறுபடி ஓவென்றது, போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு படியில் இறங்கி நேரே அந்தப் பெண்ணிடம் போனாள், அக்கா நீங்க உக்காருங்க, நான் தேடுறேன் என்று தரையில் மண்டியிட்டாள், அய்யாதுரையும் பின்னாலேயே போய் மண்டியிட்டான்.

நாற்காலிகளுக்கு அடியில் வேறு ஒரு ஊர் இருந்தது, சோளப்பொரி, மிதிபட்ட காகிதம், யார் யாருடையவோ கால்கள், மேலே நம்ம ஆள் யாரையோ வெட்டுகிறார், விசில் பறக்கிறது, எத்தனையாவது ஆள் என்று அவனுக்குத் தெரியவில்லை, நகத்தில் அழுக்கு ஏற ஒவ்வொரு காலுக்கும் நடுவே தடவிக்கொண்டு போனான், கொஞ்சம் காலத் தூக்குங்க தம்பி என்றான், இன்னொருத்தரிடமும் கேட்டான், டார்ச் வெளிச்சத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து நிவேதாவின் குரல் வந்தது, ப்பா, கரும்பாலைப் படத்துக்கு அந்த அக்கா ஒத்தையிலயா வந்திருந்தாங்க என்றாள், ஆமா என்றான், நல்லா விசிலடிப்பாங்களா, ஆமாம்மா, ஒன்னையவிட நல்லா அடிப்பா என்றான். டிவில நீ மோட்டாரப் பாக்கப் போவியே, அந்தப் பஸ் ஸ்டாண்டு வெட்டுலதான எந்திரிச்சாங்க, அப்புறம் வந்து படத்தப் பாத்தாங்களா என்று கேட்டாள், இல்ல, அப்பிடியே போயிட்டா, நான் திரும்பிக்கூடப் பாக்கல என்றான். டார்ச் வெளிச்சம் ஒரே இடத்தில் நின்றது, அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது, பாவம்ப்பா, அதுக்கப்புறந்தானப்பா கரும்பாலைச் சண்டையே வரும் என்றாள். அய்யாதுரைக்கு முட்டி வலித்தது, இடைவேளை மணி அடித்து விளக்குகள் எரிந்தன, மேலே எல்லாரும் எழுந்து வெளியே போனார்கள், அவன் எழவில்லை, அடுத்த வரிசைக்கு அடியில் குனிந்து கையை நீட்டினான்.