அம்மா குளிக்கிறாங்க

அந்தக் குடியிருப்பின் வாசலில் ஒரு பலகை உண்டு. 'பெரியவர்கள் இல்லாத வீட்டினுள் பணியாளர் எவரும் நுழையலாகாது' என்று அதில் எழுதியிருக்கும். அதன் கீழே செயலாளரின் பெயர், பட்டங்கள், ஓய்வுபெற்ற பதவி எல்லாம் விதியைவிடப் பெரிய எழுத்தில் இருக்கும். விதியைப் படித்தவர்கள் குறைவு. செயலாளர் இன்னார் என்று தெரியாதவர்கள் யாரும் இல்லை.

எலக்ட்ரீசியன் புலி அந்தப் பலகையைத் தாண்டும்போது மீசையை ஒருமுறை நீவிக்கொண்டார். புலி என்பது ஊர் கொடுத்த பெயர் என்று சொல்லிக்கொள்வார், வைத்துக்கொண்டது அவரேதான். மின்சாரம் ஓடுகிற கம்பியைப் புறங்கையால் தட்டிப் பார்த்துவிட்டு, "என்னைக் கண்டா கரண்ட்டுக்கே ஷாக் அடிக்கும்" என்பார். பார்க்க நாலு பேர் இல்லாவிட்டால் தட்டமாட்டார்.

மூன்றாம் மாடி வீட்டம்மா காலையில் போன் செய்திருந்தாள். குளியலறைக் குழாயைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது, ஹீட்டர் சுவிட்சை அணைத்த பிறகும் இழுக்கிறது, நீங்கள் வருவதற்குள் நானும் வேலையிலிருந்து வந்துவிடுவேன் என்றாள். அதுவரை அந்தப் பக்கமே யாரும் போக வேண்டாம் என்று புலி எச்சரித்திருந்தார்.

கதவைத் தட்டினார். சங்கிலி அனுமதித்த அளவுக்குக் கதவு திறந்தது. இடுக்கில் ஒரு கண்ணும் பாதிச் சடையும் தெரிந்தன. பத்து வயது இருக்கும்.

"யாரு?"

"எலக்ட்ரீசியன், கண்ணு. அம்மாவக் கூப்பிடு."

"அம்மா குளிக்கிறாங்க."

மனப்பாடம் செய்ததைத் திக்காமல் ஒப்பிக்கிற வேகம். தனியாக இருக்கும்போது யார் வந்தாலும் இதைத்தான் சொல்ல வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொடுத்திருக்கிறாள். எல்லா வீட்டிலும் எல்லா நாளும் செல்லுபடியாகிற பொய். இந்த வீட்டில், இன்றைக்கு மட்டும் செல்லாது. அந்தக் குளியலறையில் ஒருத்தி நிஜமாகவே குளித்துக்கொண்டிருந்தால் இந்நேரம் வாசலில் கூட்டம் கூடியிருக்கும்.

புலிக்கு முதலில் ரோஷம்தான் வந்தது. என்னைப் பார்த்தால் பிள்ளை பிடிக்கிறவன் மாதிரியா இருக்கிறது? அதற்குள் உள்ளேயிருந்து எதிரொலியோடு ஒரு சின்னக் குரல் கேட்டது.

"அக்கா, கப்பல் கவுந்துருச்சு!"

புலி சட்டென்று இடுக்கை நோக்கிக் குனிந்தார். "தம்பி எங்க இருக்கான்?"

"பாத்ரூ…" என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். அம்மா குளிக்கிற இடத்தில் தம்பி எப்படிக் கப்பல் விடுவான்? சொன்ன பொய் மாட்டிக்கொண்டது அவளுக்கே புரிந்துவிட்டது. உதடு துடித்தது.

"சரி சரி, அம்மா ஒரு ஓரமா குளிப்பாங்க" என்றார் புலி அவசரமாக. "குழாயில கரண்ட் வருது கண்ணு. தம்பி கையத் தொடாத. சட்டையப் பிடிச்சு வெளிய இழு. நீ எதையும் தொடாத. ஓடு!"

கதவு சாத்திக்கொண்டது. ஓடுகிற சத்தம், பிறகு ஒரு பெரிய அழுகை. அழுகையைக் கேட்டு ஒரு மனிதர் அவ்வளவு நிம்மதியடைந்ததில்லை.

"இழுத்துட்டேன்" என்றது கதவுக்குப் பின்னாலிருந்து குரல்.

ஆனால் கப்பல் உள்ளே கிடக்க, நாலு வயதுப் பையன் எவ்வளவு நேரம் வெளியே இருப்பான்? மெயினை அணைக்க வேண்டும். மெயின் இருப்பது கீழே, பூட்டிய பெட்டியில். சாவி செயலாளரின் இடுப்பில். புலி கீழே ஓடி விஷயத்தைச் சொன்னார்.

செயலாளர் பேசுவதும் பலகைத் தமிழ்தான். "நேரில் ஆய்வு செய்யாமல் சாவி வழங்கும் மரபில்லை" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு படியிலும் தம் பதவியை வைத்து வைத்து எடுத்து ஏறினார். பின்னால் தண்ணீர் கேன் தூக்குகிறவரும், பார்சல் கொடுக்க வந்த இரண்டு பேரும் வேடிக்கை பார்க்கச் சேர்ந்துகொண்டார்கள்.

"பாப்பா, பெரியவர்கள் யார் இருக்கிறார்கள்?"

"அம்மா குளிக்கிறாங்க."

செயலாளர் வெற்றியோடு திரும்பினார். "கேட்டீரா? பெரியவர் உள்ளே இருக்கிறார். விதி நிறைவேறிவிட்டது. நீர் போய் வேலையைப் பாரும். மெயின் எதற்கு?" பிறகு கதவைப் பார்த்து, "திற பாப்பா. நான் செயலாளர் சொல்கிறேன்" என்றார்.

சங்கிலி சிணுங்கியது. அந்தச் சின்னக் கை கொக்கியைத் தேடுவது இடுக்கில் தெரிந்தது.

உள்ளே பெரியவங்க யாருமில்லை சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் பார்சல்காரர்கள் நிற்கிறார்கள், கேன்காரர் நிற்கிறார், மேல்மாடியிலிருந்து யாரோ எட்டிப் பார்க்கிறார்கள். நல்லவர்களாகத்தான் இருப்பார்கள். யார் கண்டது? அந்தப் பிள்ளைக்கு இருக்கிற ஒரே பூட்டு அந்தப் பொய்தான். அதை இத்தனை பேர் நடுவில் உடைப்பதா?

"திறக்காத கண்ணு" என்றார் புலி. பிறகு செயலாளரிடம், "நான் உள்ள போகமாட்டேன் சார். எனக்குப் பயமா இருக்கு."

"பயமா? நீர் புலி அல்லவா?"

கேன்காரர் கேனை இறக்கி வைத்துவிட்டே சிரித்தார். "என்னண்ணே, புலி பூனையாயிடுச்சா?"

"ஆமாய்யா, பூனைதான்" என்றார். குரல் கொஞ்சம் இறங்கித்தான் வந்தது. "லைன்ல கை வைக்க நடுங்குது. மெயினை அணைச்சாத்தான் கிட்டயே போவேன். சாவியக் குடுங்க சார், கும்பிடுறேன்."

கும்பிடு என்றதும் செயலாளருக்கு மரபு நினைவில் இல்லை. தைரியத்தைப் பற்றிச் சிறிய உரை ஒன்றை நிகழ்த்தி, சாவியை வழங்கினார். பூனைக் கதை தெருமுனை டீக்கடைக்குத் தமக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும் என்று தெரிந்தேதான் புலி படியிறங்கினார். மெயினை அணைத்தார். திரும்பி வந்து, அந்தக் கதவு கண்ணில் படுகிற படியில் உட்கார்ந்தார்.

"ஃபேன் நின்னுருச்சு" என்றது குரல்.

"நான்தான் நிறுத்தினேன். கொஞ்சம் பொறுத்துக்க."

"நீங்க போகலையா?"

"போகல."

"அம்மா இன்னும் குளிக்கிறாங்க" என்றாள், பயந்துகொண்டே.

"மெதுவா குளிக்கட்டும். ஒண்ணும் அவசரமில்ல."

அம்மா படியேறி ஓடி வந்தபோது வேர்வையில் குளித்திருந்தாள். "பஸ் வழியில நின்னுருச்சுங்க. தெருமுனை டீக்கடையில பேசிக்கிறாங்க, செயலாளர் உள்ள போகச் சொல்லியும் நீங்க பயந்துட்டீங்களாம். உள்ள போயிருக்கலாமேண்ணா. உங்கள நம்பாமலா கூப்பிட்டோம்?"

"என்னை நம்புங்க, தாராளமா நம்புங்க. ஆனா இன்னைக்கு எனக்குத் திறந்த கை நாளைக்கு எவனுக்கோ திறக்கும்மா. பழகிரும்."

அவள் "அம்மா வந்துட்டேன்" என்றபடி கதவைத் தட்டினாள். குரலைக் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் சங்கிலி விழுந்தது. அதுவரை தாங்கியிருந்த பெண் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு தேம்பினாள்.

புலி டார்ச்சோடு குளியலறைக்குள் போனார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளும் பின்னாலேயே வந்தாள். தம்பியைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளி, வாசல் நிலையில் இரண்டு கையையும் விரித்து நின்றாள். பார்வை அவர் கைகளை விட்டு நகரவில்லை. வாசலில் சாத்தி வைத்திருந்த ஏணியை அவளைத் தாண்டி உள்ளே கொண்டுவர வழியில்லை. தள்ளி நில்லும்மா என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. அங்கிருந்த வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் ஏறி, உடம்பைக் குறுக்கிக்கொண்டு ஹீட்டரின் மூடியைக் கழற்றத் தொடங்கினார்.