அவள் சொன்னதும் நான் எழுதியதும்

“அம்மா என்னைத் திட்டணும் அங்கிள்” என்று அந்தப் பெண் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் மென்று முழுங்கிவிடுவேன், என் புத்தி எனக்குத் தெரியும். அவளுக்கு எட்டு வயது. தலையில் பேருக்குக்கூட ஒரு முடி இல்லை. முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். நர்ஸுகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் வாயாடி. மூன்றாவது சுற்று மருந்து ஏறியும் அந்த வாய் மட்டும் ஓயவில்லை என்று, என்னை உள்ளே விடும்போதே ஒரு நர்ஸ் சொல்லி அனுப்பினாள்.

நான் பிறந்தநாள் விழாக்களுக்கு மேடை அலங்காரம் செய்கிறவன். பலூன் வளைவு, காகிதப் பூ, அட்டையில் வெட்டிய யானை, ஒட்டகச்சிவிங்கி, இதுதான் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு குழுவோடு சேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போவேன். பெரிய நோயில் கிடக்கிற பிள்ளைகளிடம் உனக்கு என்ன ஆசை என்று கேட்டு, முடிந்ததைச் செய்துகொடுப்பது எங்கள் வேலை. குழுவை நடத்துகிற மேடம் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டே சட்டம்தான் வைத்திருந்தார். கேட்கும்போது பெற்றவர்கள் அறையில் இருக்கக் கூடாது. பிள்ளை என்ன சொல்கிறதோ அதை அதே வார்த்தையில் தாளில் எழுத வேண்டும், நாமாக எதையும் எடுத்துக்கொடுக்கக் கூடாது. “புள்ளைங்க நம்ம மூஞ்சியப் பாத்தே நமக்குப் பிடிச்ச பதிலைச் சொல்லிரும். அதனால வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்க” என்பார். பத்துப் பேர் உட்கார்ந்திருந்தாலும் என்னைப் பார்த்துத்தான் சொல்வார்.

“திட்டணுமா? எதுக்கு?” என்றேன் வாயாடியிடம்.

“முன்னாடியெல்லாம் நல்லாத் திட்டுவாங்க அங்கிள். எருமைமாடுன்னுவாங்க. உன்னைப் பெத்ததுக்கு ஒரு கல்லைப் பெத்திருந்தா துணியாவது துவைச்சிருக்கலாம்னுவாங்க.” அம்மாவின் குரலிலேயே சொல்லிக் காட்டி, தானே கெக்கெக்கே என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. “இப்ப எது பண்ணுனாலும் ‘பரவால்லடா செல்லம்’ங்கிறாங்க. அன்னைக்கு வேணும்னே மருந்தைத் துப்புனேன். அதுக்கும் பரவால்லதானாம். எனக்கு பயமா இருக்கு.”

பயமாக இருக்கிறது என்று அந்தக் குழந்தை சொன்னது என் காதில் நன்றாகவே விழுந்தது. விழவில்லை என்று யாரிடமாவது சொன்னால் அது பச்சைப் பொய். ஆனால் என் மண்டைக்குள் அந்த நேரம் ஓடியது வேறு. திட்டு வாங்குவதை எப்படி ஏற்பாடு செய்வது, அதற்கு எங்கே தோரணம் கட்டுவது, குழுவில் எதைப் படம் எடுத்துப் போடுவது? போதாக்குறைக்கு, ஒரு பெரிய வீட்டுப் பிறந்தநாளுக்காக நான் ராப்பகலாக உட்கார்ந்து செய்த அட்டைக் கோட்டை ஒன்று, ஒரே நாள் நின்றுவிட்டு என் கிடங்கில் தூசி குடித்துக்கொண்டிருந்தது. கொடி, கோபுரம், ஜன்னல் எல்லாம் வைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்தது. அதை இன்னும் நாலு பேர் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. யாருடைய ஆசையைக் கேட்க நான் போயிருந்தேன் பாருங்கள்.

“அட, அதெல்லாம் ஒரு ஆசையா? பெருசா ஒண்ணு சொல்லு பாப்பா. இப்ப, ஒரு நாள் முழுக்க நீ இளவரசியா இருந்தா எப்படி இருக்கும்? கோட்டை, கிரீடம், கேக்கு…”

அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“சரி, அதுவே இருக்கட்டும் அங்கிள்” என்றாள்.

அடம்பிடிக்கிற சின்னப் பிள்ளைக்குப் பெரியவர்கள் விட்டுக்கொடுப்பார்களே, அந்தக் குரல். எனக்கு அது அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைத்ததோ என்னவோ, கை நிற்கவில்லை. ‘ஒரு நாள் இளவரசியாக இருக்க வேண்டும்’ என்று தாளில் எழுதி, அவள் வாயிலிருந்தே வந்த மாதிரி மேற்கோள் குறியும் போட்டேன். கீழே அவள் பெயரை எழுதச் சொன்னேன். நாக்கைத் துருத்திக்கொண்டு அழகாக எழுதினாள்.

இரண்டு வாரம் கழித்து, வார்டில் பிள்ளைகள் விளையாடுகிற அறையில் கோட்டையை நிறுத்தினோம். கிருமி எதுவும் ஒட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு அட்டையையும் நானே மருந்து போட்டுத் துடைத்தேன். முடியில்லாத தலையில் கிரீடம் நழுவிக்கொண்டே இருந்ததால் உள்ளே பஞ்சு வைத்துச் சரிசெய்தேன். என்னமாய் யோசித்திருக்கிறேன் என்று எனக்கே பெருமை தாங்கவில்லை. அவளுடைய அம்மா சுவரோரம் நின்றிருந்தாள். முப்பது வயது இருக்கும், கண்ணுக்குக் கீழே கருப்பு. ஆனால் சிரிப்பு மட்டும் முகத்தை விட்டு இறங்கவேயில்லை. யார் என்ன சொன்னாலும் அதே அளவு சிரிப்பு. கன்னம் வலிக்காதா என்று நினைத்தேன்.

கேக்கை வெட்டித் தட்டில் வைத்து வாயாடியின் கையில் கொடுத்தார்கள். அவள் அதைச் சாப்பிடவில்லை. அம்மாவை நேராகப் பார்த்துக்கொண்டே, மெதுவாக, தட்டைத் தான் போட்டிருந்த வெள்ளை இளவரசிக் கவுனில் கவிழ்த்தாள்.

அய்யய்யோ என்றார்கள் எல்லோரும். அம்மா ஓடிவந்து மண்டியிட்டாள். “பரவால்லடா செல்லம், ஒண்ணுமில்ல, அம்மா தொடச்சுவிடுறேன்.”

வாயாடி பக்கத்திலிருந்த பழச்சாற்றை எடுத்து அதன்மேல் ஊற்றினாள்.

“ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல.”

குனிந்து துடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் தோளுக்கு மேலே அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. பார்த்தீங்களா, நான் சொன்னேன்ல என்கிற பார்வை. நான் சடாரென்று கோட்டைக்குப் பின்னால் போய், எங்கேயும் பிய்ந்திராத டேப்பை அழுத்தி அழுத்தி ஒட்டிக்கொண்டு நின்றேன். அப்படியே அந்த அட்டைக்குள் புகுந்துகொள்ள முடிந்தால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

அன்று சாயந்தரமே மேடம் போனில் கூப்பிட்டார். “அருமையாப் பண்ணிட்டீங்க. புள்ள சொன்ன வார்த்தைய அப்படியே எழுதியிருந்தீங்க பாருங்க, அதான் முக்கியம்.”

“ஆமா மேடம்” என்றேன். அந்த ‘ஆமா’வை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அடுத்த ஞாயிறு உடம்பு சரியில்லை என்று சாக்குச் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தேன். காலையில் என் மகள் ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டுவிட்டாள். என் மனைவி காது கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். உனக்கெல்லாம் மண்டையில் மூளையா களிமண்ணா என்று தொடங்கி என் பரம்பரை வரைக்கும் இழுத்துவிட்டாள். மகளோ அலட்டிக்கொள்ளாமல் கண்ணாடி முன் தலை வாரிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தச் சத்தம் காற்றாடி ஓடுகிற மாதிரிதான். நாளைக்கும் ஓடும், நாளை மறுநாளும் ஓடும், அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. நான் வாசற்படியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. வார்டுக்குப் போன் போட்டேன். செவ்வாய்க்கிழமை வாயாடியைக் கிருமி அண்டாத தனி அறைக்கு மாற்றப்போகிறார்கள், இனி அம்மாவே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்க வேண்டும், எத்தனை நாளைக்கென்று டாக்டருக்கே தெரியாது என்றாள் நர்ஸ்.

திங்கட்கிழமை மத்தியானம் போனேன். அம்மா வராந்தாவில் இருந்த தொட்டியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு வந்துவிட்டது. “வாங்க சார். அன்னைக்கு எவ்வளவு கஷ்டப்பட்டு எல்லாம் செஞ்சீங்க.”

“அதை அவ கேக்கலம்மா” என்றேன். “நான்தான் எடுத்துக்கொடுத்தேன். அவ கேட்டது வேற.”

சொன்னேன். எருமைமாட்டிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கவுனில் கேக்கைக் கொட்டியது எதற்கென்றும் சொன்னேன். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது, அவள் மூடவில்லை. பயமாக இருக்கிறது என்று பிள்ளை சொன்னதைக் கடைசியில் சொன்னேன். சிரிப்பு போய்விட்டது. அதற்கு அடியில் இருந்த முகத்தை நான் அப்போதுதான் பார்க்கிறேன்.

“அதை இன்னைக்கு வந்து சொல்றீங்களா?” என்றாள் முதலில் மெதுவாக. பிறகு குரல் ஏறியது. “மூணு வாரம்! மூணு வாரமா வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? எம்புள்ள உங்களை நம்பி வாயத் தொறந்து ஒண்ணே ஒண்ணு கேட்டிருக்கு, நீங்க அட்டையும் பசையும் தூக்கிட்டு வந்து நிக்கிறீங்க. மனுஷன்தானா நீங்க? நான் ஒரு வார்த்தை கடுசா சொல்லி, அதுவே அவ காதுல கடைசியா விழுந்த வார்த்தையாப் போயிருமோன்னு, பல்லைக் கடிச்சுக்கிட்டு, செல்லம் செல்லம்னு… உங்களுக்கு என்னங்க தெரியும்? அவ பயந்துக்கிட்டு இருந்திருக்கா. நான் பேசுறதைக் கேட்டே பயந்துக்கிட்டு இருந்திருக்கா!”

வராந்தாவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். எனக்கு வேண்டியதுதான். இன்னும் நாலு வார்த்தை அதிகமாக விழுந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். இப்படி வாங்கிக்கொள்வதில்கூட எனக்கு ஒரு சுகம் இருக்கிறதோ என்று தோன்றியபோது இன்னும் அசிங்கமாக இருந்தது.

அப்போது அறைக் கதவு திறந்தது. மருந்து தொங்குகிற கம்பியை ஒரு கையில் பிடித்துத் தள்ளிக்கொண்டு வாயாடி நின்றாள். முகமூடிக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. அப்படி விரிந்த கண்ணை நான் கோட்டை முன்னால் பார்க்கவில்லை.

அம்மா அதே வேகத்தில் திரும்பினாள். “ஏய்! உன்னை யாருடி எந்திரிச்சு வரச்சொன்னது? செருப்பு எங்க? அறிவிருக்கா உனக்கு…”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஈரக் கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். முழங்கை வழியாகத் தண்ணீர் சொட்டியது. தொட்டி நிரம்பி வழிந்து வராந்தாவில் பரவிக்கொண்டிருந்தது.

வாயாடி குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பார்வையை எடுக்காமலேயே, வெறுங்காலை மெதுவாகத் தூக்கி, அந்தத் தண்ணீரில் வைத்தாள்.