அவள் இழந்த நான்கு மணி நேரம்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை, சுட்டது. முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. டுலூத் என்ற ஊரில், ஏரியைப் பார்த்த ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை. எங்கேயோ ஒரு கம்பெனி தன் வாடிக்கையாளர்களின் பெயர், பிறந்த தேதி, உடம்புக்கு என்ன என்பது வரை எல்லாவற்றையும் இணையத் திருடனிடம் பறிகொடுக்கும். பாதிக்கப்பட்ட லட்சம் பேருக்கும் சேர்த்து ஒரே வழக்கு நடந்து, சமரசத்தில் முடியும். அப்புறம் அந்த லட்சம் பேரும் ஆளுக்கொரு படிவம் அனுப்புவார்கள். அதைப் படித்து 'ஏற்பு', 'தள்ளுபடி' என்று குறிக்கிறவன் நான். அப்படி வந்த ஒரு படிவத்திலிருந்து எடுத்ததுதான் இது. விவரத் திருட்டைப் பற்றிய கதைக்கே விவரம் திருட வேண்டியிருக்கிறது, என்ன செய்ய.

2

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: 'இழந்த நேரம்'. திருட்டுக்குப் பிறகு வங்கியைக் கூப்பிட்டு, அட்டையை முடக்கி, கடவுச்சொல்லை மாற்றி, எத்தனை மணி நேரம் வீணாயிற்று என்று எழுத வேண்டும். நான்கு மணி நேரம் வரை ஏற்று, அதற்குப் பணம் தருவோம். ரசீது கேட்க மாட்டோம், இரண்டு வரி விவரித்தால் போதும்.

நாள் முழுக்க மற்றவர்கள் தொலைத்த நேரத்தைப் படிக்கிறவனுக்குத் தன் நேரம் எது என்பது மறந்துபோகும். மூடுபனி ஜன்னல் வரைக்கும் ஏறிவிட்ட ஒரு மத்தியானம் மேசையிலேயே கண் அசந்தேன். கரை நெடுக ஆட்கள் காதில் ஃபோனை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்கள். யாரும் பேசவில்லை. யாருக்கும் அவசரமும் இல்லை. நானும் ஒரு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

(கனவைக் கதையில் வைக்காதே என்பார்கள். வைத்தாயிற்று.)

3

தொடக்கம் ஒன்று: 'ஆர்வோ லேஹ்டிக்கு எழுபத்தெட்டு வயது, காது கேட்காது.' ஆஸ்பத்திரிச் சீட்டு மாதிரி இருக்கிறது.

தொடக்கம் இரண்டு: 'மார்லிஸ் ஃபோனைக் கையில் எடுத்தபோது ஏரியின் மேல்...'

ஏரியின் மேல் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? விட்டுவிட்டேன். ஆர்வோ அந்தக் கட்டத்தில் எழுதியதையே தருகிறேன். என்னைவிட நன்றாக எழுதுகிறார், கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

'எனக்குக் காது கேட்காது. அதனால் வங்கியோடு பேசியது என் மனைவி மார்லிஸ். அவள் நான்கு மணி நேரம் காத்திருந்தாள். காத்திருக்கும்போது ஃபோனில் பாட்டு போடுவார்களாம். பாட்டு இன்னும் ஓடுகிறது என்று எனக்குத் தெரிவதற்காக, என் கையைத் தன் தொண்டைமேல் வைத்துக்கொண்டு கூடவே மெட்டை முணுமுணுத்தாள். மே மாதம் இறந்துவிட்டாள்.'

4

விவரம் பறிபோனது, காது கேளாதவர்களுக்குக் கருவி விற்கிற ஒரு கம்பெனியில். ஆகவே பாதிக்கப்பட்டவர்கள் பட்டியலில் ஆர்வோ இருக்கிறார், மார்லிஸ் இல்லை. படிவத்தை என் மேலதிகாரி ட்வைலாவிடம் கொண்டுபோனேன்.

"லிஸ்ட்ல யாரு?"

"ஆர்வோ."

"நேரம் யாரோடது?"

"அவர் சம்சாரத்தோடது."

"அப்புறம் என்ன யோசன? படிவத்துல குறை இருக்கு, சரிபண்ணி அனுப்புங்கன்னு குறைக்கடிதம் அனுப்பு. இருவத்தோரு நாளு டைம் குடு."

இந்த இடத்தில் ட்வைலாவைக் கல்நெஞ்சக்காரியாக்கப் பார்த்தேன், முடியவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஏலக்காய் ரொட்டி சுட்டு எடுத்துவருகிறவள் அவள். நான் திரும்பும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"'அவள்'னு இருக்கற எடத்துல 'நான்'னு போட்டு அனுப்பச் சொல்லு. நான் கண்டுக்க மாட்டேன்."

5

கடிதத்துக்குப் பதில் வரவில்லை, நானே கூப்பிட்டேன். நான் பேசுவது அவர் ஃபோனின் திரையில் எழுத்தாக ஓடும். அவர் படித்துவிட்டுப் பதில் சொல்வார். (இவ்வளவு பொறுமையான வாசகர் எனக்கு வாய்த்ததில்லை.)

"நான் செவிடன்னு ஊருக்கெல்லாம் சொன்ன கம்பெனியா?"

"நாங்க இல்ல, மிஸ்டர் லேஹ்டி. நாங்க படிவம் படிக்கறவங்க."

"ஊருக்கு ஏற்கெனவே தெரியும். திருடனுக்குத்தான் புதுச் செய்தி. சரி, சொல்லு."

"ஒரே ஒரு வார்த்தைய மாத்தினா போதும். 'அவள்'னு எழுதினத 'நான்'னு."



"பொய் சொன்னா தண்டனைன்னு கையெழுத்துக்கு மேல அச்சடிச்சிருக்கீங்களே."

"யாரும் பாக்க மாட்டாங்க."

"தம்பி, நாப்பத்தாறு வருஷம் அவ செஞ்சதயெல்லாம் நான் செஞ்சேன்னுதான் ஊரு பேசுச்சு. கூரை மாத்துனது, பசங்கள படிக்க வச்சது, எல்லாம். நானும் காது கேக்காத மாதிரி தலையாட்டிக்கிட்டு நின்னேன். இது ஒண்ணாவது அவ பேர்ல இருக்கட்டும். காசு வேணாம், தள்ளுபடி பண்ணிக்கோ. அவ பேரு மட்டும் அதுல இருக்கணும்."

ஏற்ற படிவங்கள்தான் நீதிமன்றக் கோப்புக்குப் போகும். தள்ளுபடியானதை வழக்கு முடிந்ததும் அரைத்துத் தூளாக்கிவிடுவோம். இதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. இன்றைக்கு வரை எனக்கு வெட்கமாக இருக்கிறது.

6

முடிவு ஒன்று: அவர் 'நான்' என்று மாற்றி அனுப்புகிறார். எழுதிப் பார்த்தேன். அந்த ஆர்வோவை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

முடிவு இரண்டு: நானே மாற்றிவிடுகிறேன். அவருக்குக் காசோலை போகும், கோப்பும் பத்திரமாக இருக்கும். ஆனால் அதில் மார்லிஸ் இருக்க மாட்டாள். 'அவள்' செய்ததை 'நான்' செய்ததாக எழுதுவது எனக்குக் கைவந்த கலை, அதில்தான் பாதிக் கதைகள் எழுதியிருக்கிறேன். (இந்த வரியைப் படித்த என் மனைவி, "அப்பாடா, ஒத்துக்கிட்டியா" என்றாள்.)

முடிவு மூன்று: இருபத்தோராம் நாள் 'தள்ளுபடி' என்று குறித்தேன். நடந்தது இதுதான், ஆனால் இதை முடிவு என்று ஏற்க எனக்கு மனமில்லை.

வேலையில் சேர்ந்தபோது ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள்: பட்டியலில் உள்ள எவர் பெயரையும் வெளியே சொல்லக் கூடாது. நான் சொல்லவில்லை. அவர் ஆர்வோ இல்லை, குடும்பப் பெயர் லேஹ்டியும் இல்லை. ட்வைலாவுக்குக்கூட வேறு பெயர்தான் வைத்திருக்கிறேன்.

மார்லிஸ் பட்டியலில் இல்லை. அவள் பெயர் மார்லிஸ்தான்.

காகிதம் தூளாகிவிடும். இதுவோ கதை, நீதிமன்றத்தில் செல்லாது. அந்த நான்கு மணி நேரம் காத்திருந்தது யார் என்று யாராவது கேட்டால், இனி நீங்கள்தான் சொல்ல வேண்டும்.